மண்சட்டியா, அலுமினியச் சட்டியா?

திருகோணமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டும் உண்டு. அலுமினியத்தில் ஒவ்வொரு அணுவும் 3 இலத்திரன்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. உலோகம் முழுக்க அலையும் அவைதான் மின்சாரத்தையும் காவுகின்றன, அடுப்புச் சூட்டையும் விளிம்புவரை கொண்டுவருகின்றன. தேத்தண்ணிக்கு அவசரமாகத் தண்ணீர் கொதிக்க வேண்டுமா, அலுமினியம்தான்.

சுட்ட மண்ணில் இலத்திரன்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. மின்சாரம் போகாது. சூடு மட்டும் அணுக்களின் அதிர்வாக மெல்ல நகரும். வேகம் அலுமினியத்தின் நூறில் ஒரு பங்குகூட வராது. அந்த மந்தம்தான் எனக்குப் பிடித்தது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும்.

சரி, கடற்கரையில் வாங்கிய சூரைக்கு எது? புளி அலுமினியத்தைக் கொஞ்சம் கரைக்கும். மீன்குழம்புக்கு மண்சட்டியை விட்டு நான் மாறமாட்டேன்.