பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்க அனுப்பவிருக்கும் பெற்றோர் கவனத்திற்கு

மகளைப் பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்க அனுப்புவதற்காக முகவர் ஒருவரிடம் பணம் கட்டி நாங்கள் ஏமாற்றப்பட்ட விவரத்தை, நீட் முடிவு வந்ததும் இதே போன்ற அழைப்புகளைப் பெறவிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

2022-இல் எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் கருத்தரங்கு நடத்திய அந்த முகவர், "ஐந்தரை வருஷத்துல உங்க பொண்ணு டாக்டர் சார், இங்க வந்து பதிவு பண்றதுல ஒரு சிக்கலும் வராது" என்று உறுதியளித்தார். பணம் கட்டிய பிறகு வந்த சேர்க்கைக் கடிதத்திலோ படிப்பின் பெயர் 'பி.எஸ். உயிரியல்' என்றிருந்தது. கேட்டதற்கு, "அது பேருக்குத்தான் சார், எம்.டி. தானா தொடரும்" என்றார். அப்படித் தானாகத் தொடர்வது எதுவுமில்லை. அந்நாட்டில் மருத்துவம் பட்டதாரிகளுக்கான படிப்பு, பி.எஸ். என்பது அதற்கு முந்தைய அறிவியல் பட்டம் மட்டுமே. அதன் பிறகு என்மேட் என்ற நுழைவுத் தேர்வையும் எழுதித்தான் அந்நாட்டின் அடிப்படை மருத்துவப் பட்டமான நான்காண்டு எம்.டி.யில் சேர முடியும்.

நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிமுறைகளோ, வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவராகப் பதிவு பெற, குறைந்தது 54 மாத மருத்துவப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதி ஆகியவற்றைக் கேட்கின்றன. நான்காண்டு என்பது 48 மாதம். பி.எஸ். காலத்தையும் சேர்த்துக் காட்டித்தான் அவர் கணக்கை நேர்செய்திருந்தார். கருத்தரங்கு நடந்தபோது இவ்விதிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. இத்தொழிலையே செய்பவருக்கு இது தெரியாது என்றால் நம்புவதற்கில்லை. விளம்பரத்தில் அவர் போட்டிருந்த 'ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்ற வரியும் பொய்தான்; வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படியொரு அங்கீகாரப் பட்டியலை ஆணையம் வெளியிடுவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதை எடுத்து நீட்டினார். 'முதலாண்டுக் கல்லூரிக் கட்டணம்' என்று சொல்லி வாங்கிய தொகை முழுவதும் அதில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று பதியப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் எங்குமே இல்லை. அங்குள்ள கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதில், ஒரு பருவத்திற்கான கட்டணம் மட்டுமே வந்திருப்பதாகப் பதில் கிடைத்தது.

எந்த நாடாக இருந்தாலும், படிப்பின் பெயர், மாதக் கணக்கு, பயிற்சி நடக்கும் இடம், அந்நாட்டில் பதிவுபெறும் உரிமை ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். மாவட்டக் குற்றப்பிரிவில் நாங்கள் அளித்த புகார் நிலுவையில் இருக்கிறது. அந்த முகவரோ நிறுவனத்தின் பெயரை மாற்றிக்கொண்டு, இப்போது ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.