சோல்டானோ எஸ்எல்ஓ-100: கெயினை நாலுக்கு மேலே ஏற்றாதீர்கள்

இந்த கிதார் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையர்) வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் எழுதியிருந்தால் ‘காசைக் கரியாக்கிவிட்டேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. மைக் சோல்டானோ 1987இல் கொண்டுவந்த நூறு வாட் டியூப் ஹெட் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) இது, சூப்பர் லீட் ஓவர்டிரைவ் என்ற பெயரின் சுருக்கம்தான் எஸ்எல்ஓ. அதற்கு முன்னால், மேசா பூகி கம்பெனியின் மார்க் ஆம்ப் வரிசை பிடிக்காத ஒருவருக்கு நிறைய கெயின் (சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் அளவு) வேண்டும் என்றால் ஒரு மார்ஷல் ஆம்ப்பை வாங்கி, அதைத் திறந்து நோண்டத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து, அவர் எப்போது திருப்பித் தருவாரோ என்று காத்திருக்க வேண்டும். சோல்டானோ அந்த வேலையைப் பெட்டிக்குள்ளேயே முடித்துக் கொடுத்தார், அதோடு உடையாத சத்தத்துக்கு ஒரு சுத்தமான சேனலும் வைத்தார். வாங்கியவர்களில் எரிக் கிளாப்டனும் மார்க் நாஃப்லரும் உண்டு. இரண்டு பேரும் மெட்டல் ஆசாமிகள் இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. எனக்கு எடி வான் ஹேலன்தான் கண்ணில் பட்டார். வான் ஹேலன் குழுவின் 1991 ஆல்பத்தில் அவர் இதையும் வாசித்தார், அப்புறம் பீவி கம்பெனியோடு சேர்ந்து 5150 என்ற ஆம்ப்பைக் கொண்டுவந்தார். 5150, மேசா ரெக்டிஃபையர் இரண்டின் சர்க்யூட் படத்தையும் இதன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகஜாடை தெரிந்துவிடும். கடந்த முப்பது வருட ஹெவி கிதார் சத்தத்தில் பாதி இந்த ஒரு பெட்டியின் வம்சம், அதனால் மூலத்தையே வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

என்னுடையது தொண்ணூறுகளில் செய்தது, இரண்டாம் கை, மூவாயிரத்துச் சொச்சம் டாலர். விற்றவர் டியூப்களைக் கழற்றாமலே பெட்டி கட்டிவிட்டார், கொண்டுவந்தவர்கள் அதைப் பந்து மாதிரி உருட்டியிருப்பார்கள் போல, திறந்தால் ஒரு 6எல்6 பவர் டியூப் உடைந்து கண்ணாடித் தூளாகக் கிடந்தது. நாலையும் ஒரே ஜோடிப் பொருத்தமாக மாற்றி, பயாஸ் (டியூப்பில் ஓடும் மின்னோட்ட அளவு) பார்க்க வைத்து, முதல் நாளே இருநூறு டாலருக்கு மேல் மொய். அனுப்பும்போது டியூப்களைக் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சரி, சத்தம். வீட்டில் கொண்டுவந்து வைத்தேன், ஓவர்டிரைவ் சேனல், கெயின் எட்டு. குமிழ்களில் எண்கள் பதினொன்று வரைக்கும் போகும், எட்டு ஒன்றும் பெரிதில்லை என்று நினைப்பு. மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டரை ஒன்றுக்குக் கீழே வைத்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பார். கேட்டது என்ன என்றால் டப்பாவுக்குள் வண்டு அடைத்த மாதிரி ஒரு சத்தம். பாஸ் (அடிச்சத்தம்) இல்லை, மேலே கரகரப்பு, நடுவில் மூக்கடைப்பு. என்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய 5150 (அறுநூறு டாலருக்கு வாங்கியது) இதைவிட நன்றாக இருந்தது. மூன்று மாதம் இப்படியே போனது. குமிழைத் திருகுவது, பெருமூச்சு விடுவது, விற்றுவிடலாமா என்று விலை பார்ப்பது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாங்கள் நாலு பேர் வாடகையைப் பங்கு போட்டு வைத்திருக்கும் அறை, கிடங்குகளுக்கு நடுவில், சுற்றிலும் குடியிருப்பு கிடையாது. டிரம்ஸ் ஆரம்பித்தது, நான் மாஸ்டரை நாலுக்கு ஏற்றினேன். எல்லாம் கூழ். ஒவ்வொரு குறிப்பும் அடுத்ததன் மேல் வழிந்தது. அங்கே ஃப்ரீட்மேன் ஆம்ப்பில் வாசிக்கிற நண்பன் ஒருவன் வந்து, என்னைக் கேட்காமலேயே கெயினை எட்டிலிருந்து நாலுக்கு இறக்கிவிட்டு, “இப்போ அடிடா” என்றான்.

அடித்தேன். அதைத்தான் பதினொரு மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பாஸையும் உச்ச ட்ரெபிளையும் சரியாகப் பிடிப்பதில்லை, அந்தக் குறையை நாம் கெயினைக் கூட்டி நிரப்பப் பார்க்கிறோம். சத்தத்தை ஏற்றியதும் காது எல்லாவற்றையும் கேட்கிறது, பவர் டியூப்பும் ஸ்பீக்கரும் தம் பங்கைச் சேர்க்கின்றன, அப்போது அந்த அதிகப்படி கெயின் வெறும் சேறு. இதோடு இந்த ஆம்ப்புக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. ஓவர்டிரைவ் பாதையில் ஒரு கட்டத்தில் டியூப்பின் கேத்தோடு என்ற முனையில் 39 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார் சோல்டானோ. சாதாரணமாக அந்த இடத்தில் ஒன்றரை, இரண்டு என்று இருக்கும், மார்ஷல் 800 மாடலில் பத்து. 39 போட்டால் அந்த டியூப் கிட்டத்தட்ட அணைந்த நிலையில், குளிரக் குளிர உட்கார்ந்திருக்கும், வருகிற அலையின் ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்துவிடும். ரிஃப்பின் விளிம்பு கத்தி மாதிரி வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கெயின் நாலில் அந்த விளிம்பு துல்லியமாகக் கேட்கும், எட்டில் அதற்கடுத்த கட்டங்களும் சேர்ந்து நசுக்கி அதை மழுங்கடித்துவிடும்.

கெயின் நாலில் இந்த ஆம்ப் எதையும் மறைக்காது, அதுதான் வரமும் சாபமும். பிக்கை மெதுவாக விட்டால் மெதுவாகப் பேசும், கிதாரின் வால்யூமை ஆறுக்கு இறக்கினால் கிட்டத்தட்ட சுத்தமாகிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், என் இடது கை சோம்பேறித்தனம் அத்தனையும் அப்படியே ஸ்பீக்கரில் வந்தது. முதல் வாரம் வெட்கமாகவே இருந்தது. 5150இல் இப்படித் தெரியாது, அது நல்ல மனசுக்காரன், கொஞ்சம் மூடி மறைத்துக்கொடுக்கும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. எங்கள் அறையிலேயே நாலு பேருக்கு நாலு கருத்து. ஃப்ரீட்மேன் பிஇ-100 வைத்திருப்பவன் கட்சி: “மார்ஷல் வாசனை இல்லாத ஆம்ப் ஆம்ப்பே இல்லை.” அவனுடையது இஎல்34 டியூப், பிளெக்ஸி என்ற பழைய மார்ஷலை மாற்றி மாற்றிப் பழகிய டேவ் ஃப்ரீட்மேன் கைவேலை, மிட் (நடுச்சத்தம்) முன்னால் வந்து நிற்கும், பாட்டில் தனியாகத் தெரியும், பத்து நிமிடத்தில் யாருக்கும் பிடித்துவிடும். நேர்மையாகச் சொன்னால் முதல் நாள் கேட்க என்னுடையதைவிட அதுதான் நன்றாக இருக்கிறது. டீசல் விஎச்4 வைத்திருப்பவர் எங்களில் மூத்தவர், ஏழு கம்பி கிதார், சுருதியை மிகவும் இறக்கி வாசிப்பவர். ஜெர்மனியில் பீட்டர் டீசல் செய்வது, நாலு சேனல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள், டூல் குழுவின் ஆடம் ஜோன்ஸ் வருடக்கணக்காக வாசிப்பது. அதன் மூன்றாவது சேனல் சுவர் எழுப்பினாற்போல் இருக்கும். ஆனால் அண்ணே, விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, அந்தக் கண்ணாடிக்குத்தான் நான் காசு கொடுத்தேன்” என்றார். அவர் சொல்வதும் நியாயம். சுருதி இறக்கிய கம்பிகளில் என் ஆம்ப்பின் கீழ்ப்பகுதி தளர்ந்துதான் போகிறது.

அதற்கு மருந்து முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமர் பெடல். டிரைவ் பூஜ்ஜியம், லெவல் முழுக்க. அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி விடுவதால் ஆம்ப்புக்குள் போகும்போதே பாஸ் இறுகிவிடும். மூவாயிரத்துச் சொச்சம் டாலர் ஆம்ப்புக்கு முன்னால் நூறு டாலர் பெடலா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டுப் போகட்டும். பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அழுத்தி வாசிப்பது) இறுகினால் சரி.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இரண்டு சேனலுக்கும் பாஸ், மிட், ட்ரெபிள் ஒரே செட். ஓவர்டிரைவுக்காகச் சரிசெய்தால் சுத்தமான சேனல் கொஞ்சம் மந்தமாகும், அதைச் சரிசெய்தால் இது கத்தும். இவ்வளவு விலையில் இது எரிச்சல். அந்த முதல் சேனலில் கிரன்ச் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை, அது ஒரு அருமையான பழைய ராக் ஆம்ப், பாதி நேரம் நான் அதில்தான் கிடக்கிறேன். இரண்டாவது, பழைய பெட்டிகளின் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது எதிரொலி மாதிரிக் கருவிகளை நடுவில் இணைக்கும் வழி. அந்தக் கால ரேக் கருவிகளை மனதில் வைத்துச் செய்தது, இன்றைய டிலே பெடலைச் செருகினால் சரியாக ஒட்டாது. புதிதாக வருபவற்றில் லூப்பைத் திருத்தி அடிச்சத்தத்தைக் கூட்டும் டெப்த் குமிழும் சேர்த்திருக்கிறார்கள், என்னுடையதில் அது இல்லை. மூன்றாவது இரைச்சல். கெயின் ஏழுக்கு மேலே போனால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று குழாயடி மாதிரி. எனக்குச் சில மாதம் ஒரு கீச்சுச் சத்தமும் வந்தது. பழுது பார்ப்பவர் ஆம்ப்பை ஓடவிட்டுச் சாப்பிடுகிற மரக்குச்சியால் ஒவ்வொரு சின்ன டியூப்பையும் மெல்லத் தட்டினார், முதல் டியூப்பைத் தட்டியதும் ஸ்பீக்கரில் மணி அடித்தது. 12ஏஎக்ஸ்7 டியூப் ஒன்று மாற்றியதும் தீர்ந்தது. இது வரைக்கும் நீங்களே செய்யலாம். ஆனால் பெட்டியைக் கழற்றிச் சர்க்யூட்டில் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் வோல்ட் தேங்கி நிற்கும்.

‘நூறு வாட் எதற்கு, ஐம்பது போதுமே’ என்பவர்களுக்கு: ஐம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் மூன்றே டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் பத்து டெசிபெல் வேண்டும். அதனால் ஐம்பது வாட் வாங்கினால் வீட்டில் வாசிக்கலாம் என்பது கனவு. வீட்டுக்கு, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பில் மாட்டும் ரியாக்டிவ் லோட் பெட்டி ஒன்று வாங்கி, ஸ்பீக்கர் கேபினெட்டைக் கம்ப்யூட்டரில் போலச் செய்து ஹெட்ஃபோனில் கேட்கிறேன், நன்றாகவே இருக்கிறது. அப்படி மட்டும்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஹெட்டே வேண்டாம். நியூரல் டிஎஸ்பி என்ற கம்பெனி இதே ஆம்ப்பைச் சோல்டானோ பெயரிலேயே பிளகினாக (கம்ப்யூட்டர் மென்பொருளாக) விற்கிறது. ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு என் நண்பர்களிடம் கேட்டேன், யாரும் தொடர்ந்து சரியாகச் சொல்லவில்லை, நான் உட்பட. அறையில் நாலு ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும்போதுதான் கதை வேறு, கால்சட்டை படபடக்கும்.

கேபினெட் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் என்பார்கள். அதன் மேல் மிட் கூர்மையும் இந்த ஆம்ப்பின் கூர்மையும் சேர்ந்து என் காதில் குத்தியது. இரண்டு வின்டேஜ் 30, இரண்டு வேறு ஸ்பீக்கர் என்று குறுக்காக மாற்றிப் போட்ட பிறகு நிம்மதி.

பூட்டிக் (சிறு பட்டறைக் கைவேலை) என்ற சொல்லை வைத்து நிறையச் சண்டை நடக்கிறது. சோல்டானோ இப்போது கலிபோர்னியாவில் பூட்டிக் ஆம்ப்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கம்பெனியின் கீழ் வருகிறது, ஃப்ரீட்மேனும் அங்கேதான், அப்படியென்றால் இது இன்னும் பூட்டிக்தானா என்று. சியாட்டிலில் செய்ததுதான் அசல் என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். புதியது ஒன்றை என்னுடையதோடு ஒரே கேபினெட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், டியூப் செட்டை மாற்றினால் வருகிற வித்தியாசத்தைவிடப் பெரிதாக இல்லை. இன்னொரு கூட்டம் கையால் ஒயர் இழுத்துக் கட்டியதுதான் பூட்டிக் என்கும். எஸ்எல்ஓ ஆரம்பத்திலிருந்தே அச்சிட்ட சர்க்யூட் போர்டுதான், அதைக் கேட்டால் அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

யார் வாங்கலாம்? டிரம்ஸோடு சேர்ந்து சத்தமாக வாசிக்க இடம் இருப்பவர்கள், ராக்கும் மெட்டலும் கலந்து வாசிப்பவர்கள், தன் தப்பைத் தானே கேட்கத் தயாராக இருப்பவர்கள். அந்த இடம் இல்லை ஆனால் அந்தச் சத்தம் வேண்டும் என்பவர்கள் இதன் முப்பது வாட் தம்பியைப் பாருங்கள். விலை குறைவு, தூக்கவும் லேசு. மிகவும் இறக்கிய சுருதியில் நொறுக்க வேண்டும் என்பவர்களுக்குப் பழைய 5150, மீதிப் பணத்தில் நல்ல கேபினெட். ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மரை முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவுக்காக 120 வோல்ட்டில் கட்டியதைச் சென்னையில் நேராக 230இல் செருகினால் புகைதான் வரும்.

என் 5150ஐ இன்னும் விற்கவில்லை. வீட்டு மூலையில் இருக்கிறது, அவசரத்துக்கு. போன வாரம் ஃப்ரீட்மேன்காரன் தன் ஆம்ப்பை வைத்துக்கொண்டு என்னுடையதை ஒரு நாளைக்குத் தருகிறாயா என்று கேட்டான். கெயினை எத்தனையில் வைப்பாய் என்று கேட்டேன். ஆறு என்றான். தரவில்லை.