எட்மண்டனில் பீட்டர் சியாரெல்லி: அன்றைய தேதியில் நின்று ஒரு மதிப்பீடு

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 2011இல் ஸ்டான்லி கோப்பை என்ற சாம்பியன் பட்டத்தை வென்ற பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணியைக் கட்டியவர் என்ற பெயரோடு, பீட்டர் சியாரெல்லி 2015 ஏப்ரலில் எட்மண்டன் ஆயிலர்ஸின் பொது மேலாளரானார். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த ஜூன் மாதமே, பெரும் நட்சத்திரமாவார் என்று எதிர்பார்க்கப்பட்ட கானர் மெக்டேவிட் அணிக்குக் கிடைத்தார். அப்படியும், 2019 ஜனவரியில் சியாரெல்லி நீக்கப்படும்வரை அணி ஒரே ஒருமுறைதான் கோப்பைக்கான இறுதிக்கட்டமான பிளேஆஃப் சுற்றை எட்டியது.

முடிவு தெரிந்தபின் யாரும் மேதையாகிவிடலாம் என்பதால், ஒவ்வொரு பேரத்தையும் அன்று தெரிந்திருந்ததை வைத்தே பார்க்க விரும்புகிறேன்.

2016 ஜூன் 29 அன்று தாக்குதல் ஆட்டக்காரர் டெய்லர் ஹாலை நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்து, தடுப்பாட்டக்காரர் ஆடம் லார்சனை வாங்கியதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஹால் 2017-18இல் 93 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்து, லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை வென்றது அந்தக் காயத்தை ஆறவிடவில்லை. ஆனால் வலக்கைத் தடுப்பாட்டக்காரர் அணிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டார், லார்சனும் சோடைபோகவில்லை, அடுத்த பருவத்திலேயே அணியின் பத்தாண்டு பிளேஆஃப் வறட்சி தீர்ந்தது. என் குறை விலையைப் பற்றியது. ஹால் தரத்து ஆட்டக்காரரைக் கொடுக்கும்போது ஒரு டிராஃப்ட் தேர்வைக்கூடக் கூடுதலாகக் கேட்டு வாங்காதது, அவசரத்தை முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனதைக் காட்டுகிறது.

இரண்டே நாளில், ஹால் விட்டுச்சென்ற அதே இடப்பக்க விங் என்ற தாக்குதல் இடத்தில், 28 வயது மிலன் லூச்சிச்சுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார். இவ்விரண்டையும் ஒரே முடிவாகப் படித்தால்தான் நட்டத்தின் முழு அளவு புரியும். முதல் பருவத்தில் 23 கோல், 2018-19இல் வெறும் 6. முரட்டு உடல்பலத்தை நம்பி ஆடுபவரின் வேகம் முப்பதைத் தாண்டினால் குறையும் என்பதைக் கணிக்க ஜோதிடம் தேவையில்லை.

இருந்தும் மன்னிக்கவே முடியாதது 2015இன் கிரிஃபின் ரைன்ஹார்ட் பேரம்தான். அந்த ஆண்டு டிராஃப்டின் 16ஆவது, 33ஆவது தேர்வுகள் இரண்டையும் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணிக்குக் கொடுத்து, என்ஹெச்எல்லில் எட்டே ஆட்டங்கள் ஆடியிருந்த தடுப்பாட்டக்காரரை வாங்கினார். அந்த 16ஆவது தேர்வில் ஐலாண்டர்ஸ், பின்னாளில் நட்சத்திரமான மேத்யூ பார்சலை எடுத்தது. எட்மண்டனும் அவரையே எடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரைன்ஹார்ட் எட்மண்டனுக்காக ஆடியது 29 ஆட்டங்கள் மட்டுமே.

நியாயமாக ஒன்றை அவர் பக்கமும் எழுத வேண்டும். 2017இல் அணியின் இளம் தாக்குதல் ஆட்டக்காரர் லியோன் டிரைசைட்டிலுக்கு ஆண்டுக்கு 85 லட்சம் டாலரில் எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, தொகை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2018-19இல் ஐம்பது கோல், 2020இல் ஹார்ட் கோப்பை என்று வளர்ந்த டிரைசைட்டில், அந்தச் சம்பளத்தை லீக்கின் மலிவான பேரங்களில் ஒன்றாக்கிவிட்டார்.

கடைசிக் கையெழுத்து கோல்கீப்பர் மிக்கோ கோஸ்கினெனுக்கு. எட்மண்டனில் ஒரு பருவம்கூட முழுதாக ஆடி முடிக்காத அந்த முப்பது வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 45 லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டு நீட்டிப்பு. கொடுத்த அதே வாரத்தில் சியாரெல்லியின் வேலை போனது, ஒப்பந்தம் அடுத்து வந்தவரின் தலையில் விழுந்தது.