'1917 ஒரிஜினல்' என்று வந்த அங்கிள் சாம் போஸ்டர்: வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

நாங்கள் வாங்கிய அங்கிள் சாம் போஸ்டரின் விற்பனை விவரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஒரிஜினல் லித்தோ, 1917, துணி ஒட்டியது, சான்றிதழ் உண்டு." லித்தோ என்பது கல்லிலோ தகட்டிலோ இருந்து அச்சிடும் பழைய முறை; துணி ஒட்டியது என்றால் தாளின் பின்பக்கம் துணியில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். விற்றவர் வெளிநாட்டில் ஆன்லைனில் மட்டும் விற்பவர். வந்து சேர்ந்ததோ, பழைய படி ஒன்றை ஸ்கேன் செய்து அண்மையில் இன்றைய வழக்கமான இயந்திர அச்சான ஆஃப்செட்டில் அடித்த நகல். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பணம் கார்டில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுக்க வழி இருந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இதே வகைப் போஸ்டருக்குக் காசு எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவை ஒரு மனிதராக உருவகப்படுத்தும் அங்கிள் சாம், ராணுவத்தில் சேர அழைக்கும் போஸ்டர் இது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைத் தாடி, நட்சத்திரத் தொப்பி, நேராக நம்மை நோக்கி நீட்டிய விரல், கீழே 'ஐ வான்ட் யூ'. வரைந்தவர் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃப்ளாக். படம் முதலில் வந்தது 1916 ஜூலை 6-ஆம் தேதியிட்ட லெஸ்லீஸ் வாரப் பத்திரிகையின் அட்டையில். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய பிறகு, 1917-18-இல் போஸ்டராக 40 லட்சத்துக்கும் மேல் அச்சானது. அவ்வளவு அடித்தும் இன்று பல ஆயிரம் டாலர் விலை. சுவரில் பசை தடவி ஒட்டியதெல்லாம் மழையிலும் வெயிலிலும் போய்விட்டது. ஒட்டாமல் தப்பியவைதான் சந்தைக்கு வருகின்றன. போலி அடிப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

முதல் சோதனைக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அதுதான். அதை முகத்தின் மேல் வைக்காதீர்கள், எழுத்தின் மேல் வையுங்கள். லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தகடு, தனி மை. ஆகவே 'யூ' என்ற சிவப்பு எழுத்து ஒரே சிவப்பு மையால் அடர்த்தியாக நிரம்பியிருக்கும், ஓரம் கூர்மையாக முடியும். எங்களுக்கு வந்த தாளில் அந்தச் சிவப்பு கலைந்து மெஜந்தா புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகத் தெரிந்தது. அதன் கருநீல ஓரக்கோட்டில் நீலம், மெஜந்தா, கறுப்பு மூன்றும் சிறு பூப்போல வட்டம் கட்டி நின்றன. எழுத்தும் படமும் ஒன்றாகப் புகைப்படம் எடுக்கப்பட்டு நான்கு நிறமாகப் பிரிக்கப்பட்டால் மட்டுமே இப்படி வரும். 1917 போஸ்டரில் இதற்கு இடமே இல்லை. இங்க்ஜெட் நகலாக இருந்தால் பூ வடிவம் தெரியாது, மை தூவியதுபோல ஒழுங்கில்லாத பொடிப்புள்ளிகள் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை. புள்ளி தெரிந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஆஃப்செட் பரவலாகிவிட்டது. 1943-இல் அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகம் வெளியிட்ட ஓவியர் நார்மன் ராக்வெல்லின் 'நான்கு சுதந்திரங்கள்' போஸ்டர் வரிசையில் ஓவியம் புள்ளித்திரையில்தான், அதாவது பொடிப்புள்ளிகளாகப் பிரித்துத்தான், அச்சாகியிருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது அடி ஓரத்தில் அரசு அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பொடி வரி. அந்த எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்தால் நகல்.

இரண்டாவது, மடிப்பு. விற்பனைப் படத்தில் தாளின் நடுவில் சிலுவைபோல மடிப்புக்கோடு தெளிவாகத் தெரிந்தது. நம்ப வைத்ததே அதுதான். நேரில் விரலால் தடவினால் வழவழவென்று போகிறது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்தால், உண்மையான மடிப்பு மேடும் பள்ளமுமாக நிழல் தரும், அந்த வரி நெடுக மை உதிர்ந்து தாளின் நார் வெளியே தெரியும். இங்கே நிழலே விழவில்லை. மடிப்பும், ஓரக் கிழிசலும், வலப்பக்கக் கீழ் மூலையில் இருந்த காப்பிநிறக் கறையும் எல்லாமே அச்சில் இருந்தவை.

மூன்றாவது, அளவு. ஒரிஜினல் ஏறத்தாழ 40-க்கு 30 அங்குலம். வந்தது 36-க்கு 27. கேட்டதற்கு, "பழைய உரிமையாளர் ஓரத்தை வெட்டியிருப்பார்" என்று பதில் வந்தது. ஓரத்தை வெட்டினால் வெள்ளை விளிம்புதான் குறையும், உள்ளே இருக்கும் படம் சுருங்காது. தொப்பியின் உச்சியிலிருந்து எழுத்தின் அடிவரை அளந்து, அருங்காட்சியகப் படியின் அளவோடு ஒப்பிட்டால் கணக்கு புரிந்துவிடும்: படமே பத்தில் ஒரு பங்கு சிறியது. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தளத்தில் இந்தப் போஸ்டரின் பெரிய ஸ்கேன் அளவு விவரத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய விளிம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நேர்மையாக மறுபதிப்பு போடுகிறவர்கள் அடி ஓரத்தில் தங்கள் பெயரைப் போடுவார்கள். ஏமாற்றுகிறவர் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

நான்காவது, புற ஊதா விளக்கு. 365 நானோமீட்டர் டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வு ரசாயனம் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950-ஐ ஒட்டித்தான். இருட்டறையில் போஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு புது ஏ4 தாளை வைத்து ஒளியை அடியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1917-ஆம் ஆண்டுத் தாள் இல்லை. ஆனால் ஒளிராவிட்டால் ஒரிஜினல் என்றும் சொல்ல முடியாது. ஒளிர்வு ரசாயனம் கலக்காத ஓவியத்தாள் இன்றும் கடையில் கிடைக்கிறது, அதில் அடித்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். "ஒட்டின துணிதான் ஒளிர்கிறது" என்ற சாக்கும் வரும். போஸ்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் துணி ஓரத்தை மறைத்துவிட்டு, தாளின் அச்சில்லாத வெள்ளைப் பகுதியை மட்டும் பாருங்கள்.

துணி ஒட்டுவது தன்னளவில் குற்றமில்லை. முறைப்படி செய்பவர்கள் அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, கோதுமை மாவுப் பசையால் பருத்தித் துணியில் ஒட்டுவார்கள், தேவைப்பட்டால் பிரித்தெடுக்கலாம். பின்பக்கத்தை அது மறைத்துவிடுவதுதான் வாங்குகிறவருக்கு இடைஞ்சல். மை ஊறிய தடமோ, பழைய முத்திரையோ, தாளின் உண்மையான நிறமோ தெரியாமல் போகும். எங்கள் தாளில் ஓரத்தை உற்றுப் பார்த்தபோது தாளுக்கும் துணிக்கும் நடுவில் பளபளப்பான பிளாஸ்டிக் படலம் தெரிந்தது. சூடாக்கி ஒட்டும் படலம் அது, நல்ல போஸ்டரை யாரும் அதில் ஒட்ட மாட்டார்கள். துணி ஒட்டிய போஸ்டர் வாங்குவதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் எடுத்த பின்பக்கப் படத்தைக் கேளுங்கள்.

சான்றிதழைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தவர் விற்றவரேதான். 'எங்கள் கருத்தில்' என்ற சொல்லும் அதில் இருந்தது.

மற்ற நாட்டுப் போஸ்டர்களுக்கும் ஒவ்வொரு கண்ணி இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் அமைச்சர் லார்ட் கிச்சனர் விரல் நீட்டும் 'யுவர் கன்ட்ரி நீட்ஸ் யூ' வாசகம், ஆல்ஃபிரட் லீட் 1914 செப்டம்பர் 5-ஆம் தேதி லண்டன் ஒப்பீனியன் இதழுக்கு வரைந்த அட்டைப்படத்தினுடையது. பின்னால் வந்த போஸ்டரில் 'பிரிட்டன்ஸ்' என்று தொடங்கும் வேறு வாசகம். அட்டைப்பட வாசகத்தோடு பெரிய போஸ்டர் ஒன்றை ஒரிஜினல் என்று யாராவது நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிரிட்டிஷ் அரசின் 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' போஸ்டர் 1939-இல் ஏறத்தாழ 24.5 லட்சம் படி அச்சாகியும் பெரும்பகுதி ஒட்டப்படாமலே காகிதக் கூழாகப் போனது. 2000-இல் இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரிலுள்ள பழைய புத்தகக்கடை ஒன்றில் ஒரு படி கிடைத்த பிறகு வந்த மறுபதிப்புகள்தான் இன்று எங்கும் தொங்குபவை. சட்டைக்கையைச் சுருட்டி முஷ்டி உயர்த்தும் பெண்ணின் 'வீ கேன் டூ இட்', 1943 பிப்ரவரியில் அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸின் தொழிற்சாலைகளுக்குள் இரண்டு வாரம் மட்டும் ஒட்டியது. 17-க்கு 22 அங்குலம். அச்சானதே ஏறத்தாழ 1,800 படிதான். மலிவு விலையில் ஒரிஜினல் வர வழியே இல்லை.

சோவியத் போஸ்டர்களில் ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் ஒரு வசதி. அடி ஓரத்துப் பொடி வரியில் பதிப்பகம், அச்சுக்கு அனுமதித்த தேதி, படிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கும். எண்களை யாரும் படிக்கலாம். இராக்லி தொய்ட்ஸேயின் 'தாய்நாடு அழைக்கிறது' 1941-இல் வந்தது. அதன் பிற்கால மறுபதிப்புகளே இப்போது பழுப்பேறிப் பழசாகத் தெரிகின்றன. அந்த வரி வெட்டப்பட்டிருந்தால் தொடாதீர்கள்.

பணம் கட்டுமுன் இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள்: அளவுகோல் வைத்து எடுத்த முழுப்படம், நான்கு மூலை, அடி ஓரம், பின்பக்கம், பக்கவாட்டு ஒளியில் மடிப்பு, லென்ஸ் வழியாக ஓர் எழுத்து. கைப்பேசி கேமராவை லென்ஸின் மேல் வைத்தாலே கடைசிப் படம் கிடைத்துவிடும், இரண்டு நிமிட வேலை. 'ஒரிஜினல் பிரின்ட்' என்பதற்கும் '1917-இல் அச்சிடப்பட்ட படி' என்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எங்கள் விஷயத்தில் புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்தில் 'லித்தோ' என்ற சொல் காணாமல் போனது.

அதே விற்பனையாளர் இப்போது புதிதாக இன்னொரு அங்கிள் சாமை விற்பனைக்குப் போட்டிருக்கிறார், வேறொரு வீட்டுப் பரணில் கிடைத்ததாம். வலப்பக்கக் கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் தாளில் இருக்கும் அதே காப்பிநிறக் கறை, அதே வடிவத்தில், அதே இடத்தில் இருக்கிறது.