பிசிக்ஸை விடலாமா, அக்ரி எடுக்கலாமா? இரண்டாம் தரம் ஏ.எல் எழுதப்போகும் பயோ பிள்ளைகளுக்கு

ஏ.எல் என்கிற இலங்கை உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து மூன்றாம் நாள் சித்தியின் மகள் வந்து விறாந்தையில் இருந்தாள். உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ், அதாவது வெறும் சித்தி.

"அக்கா, திரும்ப எழுதப்போறன். ஆனா பிசிக்ஸை விட்டிட்டு அக்ரி எடுக்கிறன். அது ஈசி எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

அக்ரி என்றால் விவசாய விஞ்ஞானம், பயோ பிள்ளைகள் பிசிக்ஸுக்குப் பதிலாக எடுக்கிற பாடம். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரியூசனில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பெறுபேறு வருகிற ஒவ்வொரு வருடமும் இந்தக் கதையை இரண்டு மூன்று பிள்ளைகளிடமாவது கேட்கிறேன். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'ஈசி'. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளிதான் கணக்கு. நீங்கள் எடுத்த புள்ளியில் இருந்து, அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்துச் சராசரி காண்பார்கள். விளக்கத்துக்காக நானே சில இலக்கங்கள் போடுகிறேன். ஒரு பாடத்தில் சராசரி 38, நியம விலகல் 18 என்றால், 56 எடுத்தவருக்கு இசட் 1.0. இன்னொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 12 என்றால், 61 எடுத்தவருக்கு 0.5 தான். புள்ளி கூட, இசட் பாதி. எல்லாருக்கும் சுகமான பாடம் என்றால் சராசரியும் மேலே போய்விடும். ஆகவே "எது ஈசி" என்று கேட்டுப் பயனில்லை. "எதில் நான் மற்றவர்களை விட முன்னுக்கு நிற்பேன்" என்று கேட்க வேண்டும்.

அடுத்தது கதவுகள். மருத்துவமும் பல் மருத்துவமும் கனவென்றால் பேச்சே இல்லை, உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலும் வேண்டும். அக்ரி எடுத்த அன்றே அந்தக் கதவு மூடிவிடும். இதை விளங்கிக்கொள்ளாமல் பாடம் மாற்றி, பிறகு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். விவசாய பீடம்தான் இலக்கென்றால் விவசாய விஞ்ஞானம் எடுப்பது நியாயமான வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மற்றக் கற்கைநெறிகளுக்கு எந்தப் பாடச் சேர்க்கை செல்லும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் நீங்களே பார்க்க வேண்டும். ரியூசன் வாசலில் நிற்கிற நண்பன் சொன்னான் என்று முடிவெடுக்காதீர்கள்.

மூன்று தரம் வரைதான் அனுமதிக்குக் கணக்கெடுப்பார்கள். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும் என்பதால், நல்ல பெறுபேறு வந்த உயிரியலையும் திரும்ப எழுதத்தான் வேண்டும். அதோடு புதுப்பாடம் எடுத்தால், அவளுக்கு இது இரண்டாம் தரம், அக்ரிக்கு முதல் தரம். மண், நீர்ப்பாசனம், பீடைக் கட்டுப்பாடு, அறுவடைக்குப் பிந்திய தொழினுட்பம், கால்நடை என்று இரண்டு வருடப் பாடத்திட்டத்தை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பரம்பரையியலும் தாவரப் பகுதியும் உயிரியலோடு ஒட்டிவரும், அது உண்மையில் ஒரு உதவி. ஆனால் எங்கள் பக்கம் பிசிக்ஸுக்குச் சந்திக்குச் சந்தி வகுப்பு இருக்கிறது. அக்ரிக்கு நல்ல ஆசிரியரைத் தேடித்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டுத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுகிற பிள்ளைக்கு இது சின்ன விசயம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவளுடைய பிசிக்ஸ் பாஸ்பேப்பர் (கடந்த வருட வினாத்தாள்) கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். போட்டோக்கொப்பிக் கடையில் சுருள் போட்டுக் கட்டிய தடித்த கட்டு. பொறியியல் (மெக்கானிக்ஸ்) கேள்விகள் இருந்த தாள்களின் ஓரம் கறுத்து மடிந்திருந்தது, பென்சில் கணக்குகள், சிவப்புப் பேனைத் திருத்தங்கள். அலைவுகளும் அலைகளும் கேள்விகளிலும் எழுத்து இருந்தது. காந்தப் புலம், ஓட்ட மின்னியல், இலத்திரனியல், சடமும் கதிர்ப்பும் வந்த இடமெல்லாம் கடையில் இருந்து வந்த வெள்ளையாகவே கிடந்தன.

"இதெல்லாம் செய்யேல்லையோ?"

"கடைசியில நேரம் காணேல்லை அக்கா."

எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது. அந்த எஸ், படிக்காத பாதியின் எஸ். படித்த பாதியில் அவள் நன்றாகவே செய்திருக்கிறாள். படிக்காத பாதியைப் படித்து முடிக்க ஆறு மாதம் காணும். புதுப்பாடம் ஒன்றுக்கு அது காணாது. ஆகவே அவளுக்கு என்னுடைய சொல் பிசிக்ஸ்தான்.

கட்டு முழுக்கக் கறுத்திருந்தும் எஸ் வந்த பிள்ளைக்கு நான் வேறு சொல்லுவேன். எல்லா அலகும் படித்து, வகுப்பும் விடாமல் போய், பல்தேர்வுக் கேள்வி ஐம்பதில் இருபதைத் தாண்ட முடியவில்லையா? மருத்துவமும் மனதில் இல்லையா? அப்படியானால் அக்ரி எடுங்கள், தயங்க வேண்டாம். நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்குச் செம்மண்ணும் பசளையும் பீடையும் கண்ணால் கண்ட விசயங்கள். விவரித்து எழுதுவது கைவந்த பிள்ளை அதில் மற்றவர்களை முந்தும்.

தமிழ், புவியியல், அளவையியல் என்று கலைப்பிரிவுக்குத் தாவுவதைப் பற்றியும் சித்தி கேட்டார். சட்டம் படிக்க ஆசை என்றால் அதைப் பற்றி இருந்து கதைக்கலாம். பிசிக்ஸுக்குப் பயந்து மூன்று பாடத்தையும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று, ஏ.எல் உடன் எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுத்திருந்தால் அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை. அந்த நேரத்தையும் பாடத்துக்குக் கொடுங்கள்.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஓட்ட மின்னியலில் ஐந்து வருடப் பல்தேர்வைச் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சிநேகிதியிடம் அக்ரி பாடத்திட்டத்தையும் வாங்கி முழுக்க வாசிக்கச் சொன்னேன். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் விண்ணப்பப் படிவத்தில் கை வைப்போம்.