1985 மரியோவா, 1996 லாராவா: இன்று கையில் எடுத்தால் எது ருசிக்கிறது?

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985. லாரா நாயகியாக வரும் டூம் ரெய்டர் 1996. இந்த இரண்டு வீடியோ கேம்களையும் ஒரே வாரத்தில் மறுபடி ஆடினேன். பதினோரு வயது மூத்தது மரியோதான். ஆனால் முதலில் கிழடு தட்டித் தெரிந்தது லாரா.

மரியோவின் முதல் சில நொடிகளைப் பாருங்கள். ஒரு வரி விளக்கம் கிடையாது. திரையின் இடப்பக்கம் மரியோ, வலப்பக்கம் வெட்டவெளி. நடந்தால் எதிரே கூம்பா என்ற குட்டி எதிரி வரும். முட்டினால் உயிர் போச்சு. அடுத்த முறை கை தானாகக் குதிக்கும். பாடம் அவ்வளவுதான். மொத்த கேமே 40 கிலோபைட். இடம் போதாமல் மேகத்தின் படத்துக்கே பச்சையடித்துப் புதராக்கியிருக்கிறார்கள்! ஆனால் குதிப்பில் கஞ்சத்தனம் இல்லை: பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், பிடித்திருந்தால் உயரத் தாவல். அந்தச் சுகம் இன்றும் அப்படியே இருக்கிறது. சேவ் இல்லாததுதான் கடுப்பு. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் ஆடினால் பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளலாம். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குதிப்பு தாமதமாக வரும், பழி மரியோ மேல் விழும்.

லாரா கதை வேறு. இடது பட்டனை அழுத்தினால் இடப்பக்கம் போகமாட்டார், நின்ற இடத்தில் உடம்பைத் திருப்புவார். லாரியை ரிவர்ஸ் எடுப்பது போலிருக்கும். குகையில் ஓநாய் பாய்ந்தபோது நான் சுவரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

2024இல் வந்த ரீமாஸ்டரில், அதாவது மெருகேற்றிய மறுபதிப்பில், நவீன கண்ட்ரோலும் உண்டு. அப்பாடா என்று மாறினேன். ஓநாய்த் தொல்லை குறைந்தது, பள்ளங்களில் விழுவது கூடியது. காரணம் இருக்கிறது: அந்த உலகமே ஒரே அளவு சதுரக் கட்டங்களால் ஆனது. விளிம்பில் நின்று, பின்னால் ஒரு துள்ளல், பிறகு ஓட்டம், குதிக்கும் பட்டனை விடாமல் பிடித்தால் சரியாக விளிம்பிலிருந்து எழும்புவார். பழைய கண்ட்ரோலில் இது கணக்கு. நவீன கண்ட்ரோலில் ஸ்டிக்கின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பள்ளம்தான். ஆகவே திரும்பவும் பழையதற்கே வந்தேன். ஒரு மணி நேரம் பொறுத்தபின் ஒவ்வொரு தாவலும் சதுரங்கக் காய் நகர்த்துவது போல் பிடித்துப்போனது.

கிராபிக்ஸ்? ஒரு பட்டனில் பழசும் புதுசும் மாறும். இரண்டாவது நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை.

பத்து நிமிடம்தான் இருக்கிறதென்றால் யோசிக்காமல் மரியோ. லாராவுக்கு ஒரு விடுமுறை நாளையே ஒதுக்குங்கள், பழைய கண்ட்ரோலோடு.