ஸ்பேம் கால் செயலிக்குக் காசு கட்டலாமா?

ஸ்பேம் காலைக் காட்டிக்கொடுக்கும் செயலிக்குக் காசு கட்டலாமா, இலவசமே போதுமா என்று தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் நண்பர் கேட்டார். அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நானும் அம்மாவும் அப்படி ஒன்றைப் பல வருஷமாக வைத்திருக்கிறோம். அது என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். என்னைப் படுத்துகிற விஷயத்துக்கே வருகிறேன்.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கால் வரும்போது செயலி திரையைச் சிவப்பாக்கினால் அது அநேகமாக ஸ்பேம்தான். ஃபியூனரல் பாலிசி (இறுதிச் சடங்குச் செலவுக்கான இன்ஷூரன்ஸ்), கடன், போன் கான்ட்ராக்ட் என்று வருகிற தொல்லையில் பெரும்பகுதியை எடுக்காமலே விட்டுவிட முடிகிறது. வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய உதவி.

ஆனால் நாலு பேர் எடுத்து, எரிச்சலாகி, புகார் செய்த பிறகுதான் ஒரு நம்பர் சிவப்பாகும். அதற்குள் கூப்பிடுகிற கம்பெனிக்காரர்கள் அடுத்த நம்பருக்குப் போய்விடுகிறார்கள். 087 என்று தொடங்குபவை இன்டர்நெட் வழியாக ஓடும் நம்பர்கள். ஒன்று போனால் இன்னொன்று. நாம் பிளாக் செய்வது நம்பரைத்தான், ஆளை அல்ல. சில நேரம் எடுத்தால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. மெஷின் ஒரே நேரத்தில் பல பேருக்கு டயல் செய்கிறது. முதலில் எடுத்தவரிடம் ஏஜென்ட் பேசப் போய்விட்டால் மற்றவர்களுக்கு வெறும் மௌனம். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அம்மா பயந்தே போனார். விளக்கிச் சொன்ன பிறகுதான் நிம்மதியானார்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. பூஜை முடிந்து இலை போட்டு, அம்மா பூசணிக் கறி பரிமாறிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சிவப்பு இல்லை, வெறும் நம்பர். கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த சமயம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். ஃபியூனரல் பாலிசி! விரத நாளில், சாப்பாட்டு நேரத்தில், சாவுக்கு இன்ஷூரன்ஸ்.

போனை வாங்கி, "உங்க கம்பெனி பேர் என்ன? இந்த நம்பர் எங்கே கிடைச்சது?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள். நாம் ஒப்புக்கொண்டாலொழிய, சனிக்கிழமை காலை 9 முதல் மதியம் 1 வரைதான் விற்பனைக்குக் கூப்பிடலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் கூடவே கூடாது. மற்ற நாட்களில் இரவு 8 மணியோடு சரி. 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி இது. நம் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா (POPIA) சட்டமும் 2021 ஜூலையிலிருந்து முழு அமலில் இருக்கிறது. விற்பனைக்கான போன் காலுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்று, அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் தகவல் ஒழுங்குமுறை ஆணையமே 2024 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. இத்தனை இருந்தும் அம்மாவின் சோறு ஆறிப்போகிறது.

தெரியாத நம்பர் எதுவுமே அடிக்காதபடி போனிலேயே வைக்கலாம். வைத்தால் ஆஸ்பத்திரியும் கூரியர்காரரும் சேர்ந்து அடைபட்டுப் போவார்கள். அதனால் எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது.

நண்பருக்கு என் பதில்: காசு கட்ட வேண்டாம். காசு கொடுத்தாலும் புது நம்பர் புது நம்பர்தான். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அதற்கு மேல் மனசு வரவில்லை. ஆனாலும் அம்மா போனிலிருந்து அதை எடுக்க மாட்டேன், நீங்களும் உங்கள் அம்மாவுக்குப் போட்டுக்கொடுங்கள். கால் வந்த தேதி, நேரம், நம்பர் மூன்றையும் குறித்து வையுங்கள். ஆணையத்துக்குப் புகார் எழுத அவை கையில் இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை மதியம் வந்த அழைப்பைப் பற்றி நான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.